மே மாதத்தில் ஹீட்டர்

செங்கல்பட்டுக் கல்யாணத்துக்குப் போகும் வழியில், பெருங்களத்தூர் நெரிசலில் நிற்கிறோம். எங்கள் பழைய காரின் வெப்ப முள் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது. ஆயில் விளக்கும் எரிந்தால் எஞ்சினை உடனே அணைத்தாக வேண்டும், நல்லவேளை, எரியவில்லை. ஓரம் கட்ட இடமில்லாததால் ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுதாகத் திருப்புகிறேன். எஞ்சினின் சூடு எங்கள் மேல் வீசுகிறது. முள் மெல்ல இறங்குகிறது. மே மாத நண்பகல். பின்சீட்டில் மாமியார் பட்டுப்புடவை முந்தானையால் விசிறிக்கொள்கிறார்.

பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்க்கிறார். "இன்னா சார், ஏசி புட்டுக்கிச்சா?"

"இல்லண்ணா, ஹீட்டர் போட்டிருக்கேன்."

அவர் என்னைப் பார்க்கிறார், பிறகு மாமியாரைப் பார்க்கிறார். "வூட்ல எதுனா பேஜாரா சார்?"

"நல்லாக் கேளுப்பா" என்கிறார் மாமியார்.