மஞ்சள் பட்டி

என் கணவருக்குக் கண்தான் வேலை. புனே பக்கம் போசரியில் ஒரு பட்டறையில், பெயின்ட் அடித்துச் சூளையில் வாட்டிய தகடுகள் கொக்கியில் தொங்கியபடி வெளியே வரும். அவர் கையில் மாதிரித் தகடு ஒன்று இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, நிறம் ஒத்துப்போகிறதா என்று சொல்ல வேண்டும். அவர் ஒத்துப்போகவில்லை என்றால் அந்தத் தகடு திரும்பிப் போகும். முதலாளியே வந்து நின்றாலும் மாற்றிச் சொல்ல மாட்டார்.

வீட்டில் தைப்பவள் நான். வெளியாருக்குத் தைப்பதில்லை, எங்கள் வீட்டுத் திரை, சோபா உறை, தலையணை உறை, மேஜை விரிப்பு, அவ்வளவுதான். பத்தாவது வரை படித்தேன். கல்யாணமாகிப் புனேக்கு வந்து இத்தனை காலமாகியும் கடையில் நின்று இந்தி பேச எனக்கு நாக்கு எழாது. அதனால் துணி எடுக்க எப்போதும் அவரோடுதான் போவேன். பேசுவதும் அவர், நிறம் பார்ப்பதும் அவர். பிம்ப்ரி மார்க்கெட்டில் மேட்சிங் துணி மட்டும் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. சுவர் முழுக்க ஒற்றை நிறத் துணிகளாக அடுக்கியிருப்பார்கள். இவர் இரண்டு துணியை எடுத்துக்கொண்டு நேராக வாசலுக்குப் போய்விடுவார். "கடை லைட்டு பொய் சொல்லும், வெயில் சொல்லாது" என்பார். வெயிலில் பிடித்து ஒரு பார்வைதான். சேரும், இல்லையென்றால் சேராது. பரவாயில்லை என்ற பேச்சே அவரிடம் கிடையாது.

அந்த வருடம் மழையில் சோபா உறையெல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டது. தீபாவளிக்கு முன் புதிதாகத் தைக்கலாம் என்று போனோம். பழுப்பு நிறத்தில் கனமான துணி எடுத்தாயிற்று. ஓரத்துக்குப் பைப்பிங் வைக்க அதே பழுப்பில் கொஞ்சம் மெல்லிய துணி வேண்டும். கடைக்காரர் சில துண்டுகளைப் போட்டார். இவர் இரண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நல்ல உச்சி வெயில். வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். துணியை விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தார். பிறகு ஒன்றை நீட்டி, "இது சேரும், இதையே எடுத்துக்கலாம்" என்றார்.

அவர் நீட்டியது பச்சை. இலை வாடியபின் வருமே, அந்தக் கரும்பச்சை.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயந்து வேகமாகத் தலையை ஆட்டினேன். அவர் வெட்டிக் கொடுத்தார்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தவள் அன்றுதான் முதல்முறையாக அவருக்குப் பதிலாகச் சாலையைப் பார்த்தேன். பழைய மும்பை ரோட்டில் டெம்போக்கள் உரசிக்கொண்டு போகும். இடது பக்கம் ஒரு தள்ளுவண்டி நின்றது. இன்னும் திரும்பவில்லையே, இன்னும் திரும்பவில்லையே என்று அவர் தோளை இறுக்கிப் பிடித்தேன். கடைசி நொடியில் ஒடித்தார்.

"எதுக்கு இப்படித் தோளைப் பிடிச்சுப் பிய்க்கற?" என்றார்.

"ஒண்ணும் இல்லைங்க. காத்து."

பச்சைத் துணியைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, உறைத் துணியில் மிஞ்சியதிலிருந்தே பைப்பிங் வெட்டித் தைத்தேன். சோபா நன்றாக வந்தது. அவர் அதில் உட்கார்ந்து, "பாத்தியா, சொன்னேன்ல, சேருதுல்ல" என்றார்.

ஒருவேளை அன்று மட்டும் அப்படி ஆகியிருக்கலாம், அசதியாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் மனம் அடங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே பாப்ளின் துணியில் கருநீலம் ஒன்று, கறுப்பு ஒன்று, இரண்டு துண்டுகளை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். தொட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்துதான் எடுத்தேன்.

"திண்டுக்கு எது வைக்கட்டும்? கறுப்பு வேண்டாம்னு தோணுது. நீலத்தை எடுத்துக் குடுங்க."

அவர் இரண்டையும் வாங்கினார். ஜன்னல் பக்கம் திரும்பினார். விரலால் ஒன்றைத் தேய்த்தார், மற்றதைத் தேய்த்தார். ஏன் கேட்டோம் என்று இருந்தது.

"எதை வெச்சாலும் நல்லாத்தான் இருக்கும்" என்று இரண்டையும் என் மடியில் போட்டுவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு என் நாள் எல்லாம் சாயங்காலத்தை நோக்கியே ஓடியது. அவர் ஸ்கூட்டர் சத்தம் சந்துக்குள் கேட்கும்வரை தையல் மிஷினில் உட்கார்ந்தாலும் கால் மிதிக்காது. சத்தம் கேட்டதும் ஒரு மூச்சு விடுவேன். மறுநாள் காலை மறுபடி ஆரம்பமாகும். சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். என்னவென்று சொல்வது? அவருடைய சம்பளம், மரியாதை எல்லாமே அந்தக் கண்ணில் இருந்தது. அதைவிட, நான் வாயால் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்ற பயம். சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். சொல்லாத வரைக்கும் இல்லை என்று இருந்துவிடுவேன்.

பிறகு டீ விழுந்தது.

எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு நான் தைத்திருந்த விரிப்பு பால்நிறம். சுவரும் அதே நிறம், தரை ஓடும் அதே நிறம். எல்லாம் ஒன்றோடொன்று இழைந்து போகிறது என்று வருகிறவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. அன்று காலை அவர் டீ டம்ளரை மேஜையில் வைத்தார். மேஜை அங்கே இல்லை. நான்கு விரல் தள்ளி வெறும் காற்றில் வைத்தார். சூடான டீ அவர் பாதத்தில் கொட்டியது.

கொஞ்ச நேரம் குனிந்து நின்றார். பிறகு, "மேஜையை நகத்தினியா?" என்றார்.

"ஆமாங்க, பெருக்கும்போது நகத்தினேன். மறந்துட்டேன்."

காலுக்கு மருந்து தடவும்போதுதான் எனக்கு உறைத்தது. மேஜை எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டையும் ஒன்றாக்கி வைத்தது நான்.

மறுநாள் தனியாகப் பிம்ப்ரி மார்க்கெட்டுக்குப் போனேன். கடைக்கு எதிரில் ஒரு தெருவிளக்குக் கம்பத்தின் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றேன். பிறகு உள்ளே போய், மெரூன் நிறத் துணி ஒன்றைக் காட்டினேன். கடைக்காரர் பழக்கப்படி அதற்குச் சேரும் துணிகளாக எடுத்துப் போட்டார். ரோஜா நிறம், வெண்கல நிறம்.

"நஹி பய்யா. மேட்சிங் நஹி" என்றேன், சேர்வது வேண்டாம் என்று. பளிச்சென்று அடுக்கில் இருந்த வெள்ளையைக் காட்டினேன்.

"பாபி, யே இஸ் பே நஹி ஜாயேகா." அண்ணி, இதற்கு அது சேராது என்றார்.

"நஹி ஜானா சாஹியே." சேரக் கூடாது.

அவர் சிரித்தபடி என்னை ஒரு மாதிரி பார்த்தார். அன்றைக்குப் பச்சைத் துணியைப் பார்த்த ஞாபகம் வந்ததோ என்னவோ, அப்புறம் சிரிக்கவில்லை. நான் காட்டியதையெல்லாம் எடுத்தார்.

இதுவரை கற்றதையெல்லாம் தலைகீழாக்கித் தைத்தேன். மெரூன் விரிப்புக்கு உள்ளங்கை அகலத்தில் வெள்ளைக் கரை வைத்தேன். கரை முடிகிற இடத்தில் மேஜை முடியும். பூப்போட்ட படுக்கை விரிப்பை மடித்து உள்ளே வைத்துவிட்டேன்; அந்தப் பூக்களுக்குள் அவர் மூக்குக்கண்ணாடியும் சாவியும் போனால் திரும்பி வராது. சாட்டின் திரையை எடுத்தேன். அதில் வெளிச்சம் பட்டால் அவர் முகம் சுளித்தார். மங்கலான காட்டன் போட்டேன். நான் ஆசைப்பட்டுத் தைத்த பழுப்புச் சோபா உறைமேல் இரண்டு பக்கக் கைப்பிடிக்கும் ஆரஞ்சு நிறத்தில் உறை போட்டேன். கடைசியாக வாசல்படி. எங்கள் வீட்டு வாசலில் ஒரு படி இறங்கித்தான் மாடி வராந்தாவுக்குப் போக வேண்டும். படியும் சாம்பல், வராந்தாவும் சாம்பல். மஞ்சள் கேன்வாஸ் துணியை நான்காக மடித்து அடித்துத் தைத்து, படியின் விளிம்பு முழுக்கப் பசை போட்டு அசையாமல் ஒட்டினேன்.

கீழ் வீட்டு அக்கா பார்க்க வந்தார். கன்டோன்மென்ட் பக்கம் பிறந்து வளர்ந்தவர், தமிழோடு இந்தியும் கலந்துதான் வரும்.

"என்னம்மா இது, வீடா, டிரக்கா? பின்னாடி ஹார்ன் ஓகே ப்ளீஸ்னு எழுத வேண்டியதுதான் பாக்கி."

"சும்மா, புதுசா இருக்கட்டும்னு."

"உன் ஆளு இதையெல்லாம் எப்படி விட்டாரு? போன வருஷம் என் வீட்டு ஜன்னல் பர்தாவைப் பாத்துட்டு ஏக்தம் பேகார், ஒண்ணுக்கும் ஆகாதுன்னு சொன்ன மனுஷன்."

எங்கள் மகள் அன்று காலேஜில் இருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் நின்றாள். "மம்மி, ஆரஞ்ச் அண்ட் பிரௌன்? நெஜமாவா? என் ஃபிரெண்ட்ஸ் வந்தா நான் க்யா போலூன்?"

"என்ன வேணா சொல்லு. எடுக்க மாட்டேன்."

நான் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எல்லோரும் கேலி செய்தார்கள். அவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தலையணை உறையின் நூல் நிறம் மாறியிருந்தாலும் பிரிக்கச் சொல்கிற மனிதர், அந்த ஆரஞ்சுக் கைப்பிடிமேல் கையை வைத்துக்கொண்டு பேசாமல் பேப்பர் படித்தார். அந்த மௌனம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பியவர் வாசலில் நின்றார். சாவி கையில் இருந்தது. குனிந்து மஞ்சள் பட்டியை விரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினார்.

"இது எனக்கா?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

"எப்ப இருந்து தெரியும்?"

"அன்னைக்குத் துணிக்கடையில. பைப்பிங் எடுத்தப்ப."

"ஏன், பழுப்புதானே எடுத்தேன்?"

"பச்சைங்க அது. பெட்டியில வெச்சிருக்கேன்."

"எடுத்துட்டு வா."

கொண்டுவந்து கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போனார். நல்ல வெயில் அடித்தது. துணியை விரித்துப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார், தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"பழுப்பாத்தான் தெரியுது" என்றார்.

இருவரும் உட்கார்ந்துவிட்டோம். அவரே பேச்சை எடுத்தார்.

"பட்டறையில பக்கத்துல நிக்கறவன்கிட்ட, நீ சொல்லு பாப்போம்னு கேப்பேன். அவன் சொல்றதைக் கேட்டுட்டு, ம், தேறிட்டன்னு சொல்லுவேன். நான் பாடம் எடுக்கறேன்னு நெனைச்சிக்கிட்டிருக்கான்."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ரோட்டுல?" என்று கேட்டேன்.

அதற்கு அவர் சிரிப்பு நின்றது. "முன்னாடி போற வண்டி பின்னாடியே போவேன். அது நின்னா நான் நிப்பேன்" என்றார். பிறகு சாவியை மேஜையில், வெள்ளைக் கரைமேல், தெரிகிற இடமாகப் பார்த்து வைத்தார்.

அன்று ஆட்டோ பிடித்து இருவரும் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சொட்டு விட்டுக் கண்ணை மூடச் சொல்லி வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். அவர் கையை நான் பொது இடத்தில் பிடித்ததில்லை, அன்று பிடித்துக்கொண்டேன். யந்திரத்துக்குள் பார்த்து, வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அறைக்கு வெளியே நின்ற எனக்கு அந்தப் பொத்தான் சத்தம் கேட்டது. சத்தம் வராத நேரம் நீளமாக இருந்தது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு தேய்ந்திருக்கிறது. போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற ஆயுள் முழுக்கத் தினமும் சொட்டு மருந்து விட வேண்டும். இனி வண்டி ஓட்டக் கூடாது.

"இருக்கறது நிக்குமா?" என்று இந்தியில் நான்தான் கேட்டேன்.

"பெரும்பாலும் நிக்கும். பாக்கணும்" என்றார்.

அந்த "பாக்கணும்" இன்னும் என் காதில் இருக்கிறது.

ஸ்கூட்டரை விற்றுவிட்டோம். பட்டறையில் அவரே போய்ச் சொல்லிவிட்டார். பேக்கிங் பக்கம் போட்டார்கள். அங்கே கூட வேலை செய்கிறவரோடு ஷேர் ஆட்டோவில் போய் வருகிறார். மகளுக்குச் சொன்ன அன்று அவள் தன் அறைக் கதவின் வெள்ளைக் கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் ஒன்றைச் சுற்றிக் கட்டினாள். சொட்டு மருந்தை நான்தான் விடுகிறேன். சொட்டு தவறி விழக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

தினமும் காலையில் அவர் வாசலில் ஒரு நிமிடம் நின்று கீழே பார்ப்பார். "மஞ்சள்தான்" என்பார். பிறகு படி இறங்குவார். நான் பின்னால் நின்று அவர் காலையே பார்த்துக்கொண்டிருப்பேன். சரியாகத்தான் இறங்குகிறார். ஆனால் பார்த்துச் சொல்கிறாரா, பழக்கத்தில் சொல்கிறாரா என்பது எனக்குத் தெரியாது.

இந்த மழைக்குப் பிறகு பட்டி அழுக்கேறி நூல் பிரிந்துவிட்டது. புதிது போட வேண்டும். கடையில் நின்றபோது ஆரஞ்சு கேன்வாஸ் கண்ணில் பட்டது. நல்ல கனம். அதை ஒட்டிவிட்டு, அவரிடம் ஒன்றும் சொல்லாமல் ஒரு காலை பொறுத்திருந்தால் போதும். மஞ்சள்தான் என்கிறாரா, வேறு சொல்கிறாரா, தெரிந்துவிடும். கையில் எடுத்தேன். வாசல்வரை கொண்டுபோய் வெயிலில் பிடித்தும் பார்த்தேன்.

திரும்பி வந்து வைத்துவிட்டேன்.

"க்யா தூன், பாபி?" எது தரட்டும் என்றார் கடைக்காரர்.

"பீலா" என்றேன். பழைய பட்டியைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, இதே மஞ்சள், இதே துணி என்றேன். அவர் இரண்டையும் வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வெட்டினார்.