பறவைக்கு நான் வில்லியான கதை

இரண்டு வருடங்களுக்கு முன்பு உலு திராம் என்ற எங்கள் ஊரில் நடந்தது இது. வேன் ஓட்டிப் பழ வியாபாரம் செய்கிறேன். பாலோ என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பப்பாளி எடுத்து வந்து வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பேன். பழம் போடும் இடங்களில் ஒன்று மட்டும் எனக்குப் புரியவே இல்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தைத் தாண்டி, காட்டோரத்தில் பச்சை வலை கட்டிய உயரமான வேலி. ஹார்ன் அடிக்கக் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது, கூடையைக் கேட்டில் வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். உள்ளே யார் இவ்வளவு பப்பாளி சாப்பிடுகிறார்கள் என்று எனக்கு மண்டை குடைந்தது. எனக்கு எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கும் குணம் உண்டு. வீட்டில் அதற்காக வாங்காத பேச்சில்லை.

ஒருநாள் அங்கே வேலை செய்யும் டாக்டரே கேட்டுக்கு வந்தார். மிருக வைத்தியர், குளுவாங்கில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"அக்கா, ஒரு உதவி செய்வீங்களா? உள்ள வந்து சும்மா ஒரு சுத்து நடந்துட்டுப் போகணும்."

"நடக்குறதுக்கு நான் எதுக்கு? நீங்க நடந்தா ஆகாதா?"

"எங்க மூஞ்சி அதுங்களுக்குப் பழகிப்போச்சு. புது ஆள் வேணும் லா."

எதுங்களுக்கு என்று கேட்பதற்குள் என் கால்கள் உள்ளே போய்விட்டன.

மரமும் புதருமாக, ஒரு வீடு கொள்ளும் அளவுக்குப் பெரிய கூண்டு. உள்ளே வைக்கோல் நிறத் தலையோடு, மைனாவைவிடக் கொஞ்சம் பெரிய பறவைகள். மலாயில் பராவ் பராவ் என்பார்கள். நன்றாகப் பாடும் என்பதாலேயே பிடித்துப் பிடித்து விற்று, காட்டில் அரிதாகிவிட்ட பறவை. இங்கே கூண்டிலேயே குஞ்சு பொரிக்க வைத்து, திரும்பவும் ஆற்றோரக் காட்டில் விடப் போகிறார்களாம். விடுவதற்கு முன்னால் ஒரு பரீட்சை. முன்பின் தெரியாத ஒருவர் உள்ளே போகும்போது பறவைகள் என்ன செய்கின்றன என்று பார்ப்பது.

போனேன். எல்லாம் விருட்டென்று மறுகோடிக்குப் பறந்தன. ஒன்று மட்டும் நேராக வந்து என் தோளில் உட்கார்ந்தது. அலமாக்! பூ மாதிரி இருந்தது. காதுப்பக்கம் வந்து என் தலைமுடிக் கிளிப்பைக் கொத்திப் பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே டாக்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் வாடிப்போயிருந்தது.

"இது பெயில் அக்கா," என்றார். "தாய் விட்டுட்டுப் போயிடுச்சுன்னு நான்தான் கையில ஊட்டி வளர்த்தேன். ஆளைப் பார்த்ததும் இப்படி வந்து உக்காந்தா, காட்டுல மொத நாளே எவனாவது புடிச்சு வித்துடுவான்."

"அப்போ இது?"

"மத்ததுங்க போயிடும். இது ஆயுசுக்கும் இங்கதான்."

தோளில் இருந்தது இன்னும் என் கிளிப்போடு விளையாடிக்கொண்டிருந்தது. "பயமுறுத்திப் பழக்க முடியாதா?" என்று கேட்டேன். முடியும், ஆனால் வளர்த்த கைக்கு மனசு வரவில்லை என்றார். "நான் செய்யுறேன் டாக்டர். எங்க வீட்டுல கேட்டுப் பாருங்க, எனக்கு நல்லா வரும்."

ஆபத்து வந்தால் இந்தப் பறவைகள் ஒரு மாதிரி கத்துமாம். அதைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். பழம் போடப் போகும்போதெல்லாம் நான் கையில் வலையோடு கூண்டுக்குள் நுழைவேன். அதே நேரம் ஸ்பீக்கரில் அந்தக் கத்தல் கேட்கும். மற்றவை பதறிப் பறக்கும். இது மட்டும் தலையைச் சாய்த்து, ஏதோ விளையாட்டு என்று பார்க்கும். கிட்டே வந்ததை வலையைப் போட்டு அமுக்கி, கொஞ்ச நேரம் படபடக்க விட்டுத் திறந்துவிடுவேன். மறுமுறையும் வரும். என்னை நம்புவதை விடமாட்டேன் என்கிறதே என்று வேனில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். டாக்டரோ அந்தப் பக்கமே வரமாட்டார்.

பிறகு ஒருநாள், நான் கதவில் கை வைத்ததுமே அது உச்சிக் கிளைக்குப் பறந்தது. ஸ்பீக்கர்கூடப் போடவில்லை. துள்ளிக் குதிக்காத குறைதான். ஆனால் என்னை மட்டும் பார்த்துப் பயந்தால் போதுமா? சந்தேகத்துக்கு என் வீட்டுக்காரரை மோட்டார் சைக்கிள் ஹெல்மட்டோடு உள்ளே அனுப்பினோம். அவரைப் பார்த்ததும் இன்னும் வேகமாகப் பறந்தது. எனக்கே சில நேரம் அப்படித் தோன்றும் என்றேன். அவர் ஹெல்மட்டைக் கழற்றாமலே வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

விடும் நாளில் என்னையும் கூப்பிட்டார்கள். பறவைகளை ஆற்றோரக் காட்டுக்குள் கொண்டுபோய், அங்கே ஒரு கூண்டில் சில நாள் பழகவிட்டிருந்தார்கள். டாக்டரைப் பார்த்தால், அவர் கையில் வளர்ந்த நம்மாள் அவரிடமே திரும்பிவிடக் கூடும் என்பதால், அவர் என் வேனுக்குள் பதுங்கிக்கொண்டார். கதவு திறந்ததும் மற்றவை ஒவ்வொன்றாக வெளியே வந்து பக்கத்து மரங்களில் உட்கார்ந்தன. நம்மாள் கடைசியாக வந்தது. தாழ்ந்த கிளையில், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து, வேன் பக்கமே பார்த்தது.

"அக்கா, போங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவ்வளவு மெல்லிய குரல்.

சருகு நொறுங்க அதை நோக்கி நடந்தேன். பறவை என்னைப் பார்த்தது. பிறகு கத்தியது. ஸ்பீக்கரில் கேட்ட அதே கத்தல், இப்போது அதன் தொண்டையிலிருந்து. அதைக் கேட்டு மற்ற பறவைகளும் சிதறிக் காட்டுக்குள் போயின. அதுவும் கூடவே போய்விட்டது.

டாக்டர் வேனைவிட்டு இறங்கவில்லை. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "மத்ததுங்களையும் உஷார் பண்ணிட்டுப் போச்சு அக்கா," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் பெற்று வளர்த்த எல்லாரும் என்னிடம் வந்தபோது மகிழ்ந்திருக்கிறேன். என்னைவிட்டு ஓடிய ஒன்றுக்காக மனம் நிறைந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு காலைப்பொழுதில்தான்.