தண்ணீர் மேல் போட்ட பழி

யூலாலியா பார்த்திதா ஓர்னெலாஸ் பதினொரு வயதில் சோள ரொட்டி தட்ட ஆரம்பித்தவள். தொனலா சந்தையில் அவள் கடை எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். புருஷன் வேலை தேடி வடக்கே போனவன் போனவன்தான். இவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. ரொட்டி தட்டியே இரண்டு பெண்களை ஆளாக்கினாள். நாற்பத்தோரு வயதில் விரல் மூட்டெல்லாம் வீங்கியது. முடக்குவாதம் என்றார்கள்.

அக்கா தோமாசா மட்டும் வேறு காரணம் சொன்னாள். ஏழு வருஷமாக ஒரே பாட்டு.

"அடுப்புச் சூட்டுக் கையப் பச்சத் தண்ணில விடாதேன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியாடி? நீயே தேடிக்கிட்டது!"

எங்கள் ஊரில் இதை நம்பாதவர்கள் குறைவு. யூலாலியாவும் நம்பினாள். மாத்திரையில் வீக்கம் வடிந்தது. ரொட்டி அழுத்தும் அச்சு வாங்கினாள், வியாபாரம் முன்னைவிட நன்றாகவே நடந்தது. ஆனாலும் தன் கையைத் தானே கெடுத்துக்கொண்டோம் என்ற உறுத்தல் மட்டும் போகவில்லை.

நான் குவாதலஹாரா ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுப்பவள். வேலை முடிந்த செல்கள் தாமாகச் செத்துப்போக வேண்டும். அதற்கு உத்தரவு போடும் மரபணுக்கள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். அந்த மாற்றம் வாதம் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறதா என்று எங்கள் டாக்டரம்மா பார்க்கிறார். ஒப்பிடுவதற்கு நோயில்லாத ஆட்களும் வேண்டும், சொந்தக்காரர்கள் கூடாது. நோயாளியாக ரத்தம் கொடுக்க வந்த யூலாலியா, தோழி என்று ஒருத்தியைக் கூட்டிவந்தாள்.

"பேரு?"

"தோமாசா பார்த்திதா ஓர்னெலாஸ்" என்றாள் தோழி, கணீரென்று.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்பா வழிப் பெயரையும் அம்மா வழிப் பெயரையும் சேர்த்தே சொல்லிப் பழகிய வாய், பொய் சொல்லும்போது மட்டும் விடுமா?

"ஏம்மா, அப்பன் பேரும் ஒண்ணு, ஆத்தா பேரும் ஒண்ணு, ஆனா தோழியா? எனக்கே காதுல பூ சுத்துறீங்களா?"

யூலாலியா திருதிருவென்று விழித்தாள். "நான் வேணாம்னுதாம்மா சொன்னேன். அக்காதான் வந்தே தீருவேன்னு ஒத்தக் கால்ல நின்னா."

தோமாசா தலை நிமிரவில்லை.

"ரெண்டு மாசமா காலைல எந்திரிச்சா எனக்கும் விரல் மடங்கல" என்றாள். "தண்ணிதான் காரணம்னா எனக்கு வராது, நான் ஜாக்கிரதையாத்தான் இருந்தேன். ரத்தத்துல இருந்தா எனக்கும் வருமே! அதத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். இத்தன வருஷமும் அந்தப் பயத்துலதான் இவ தலையில பழியப் போட்டுக்கிட்டே இருந்தேன்."

டாக்டரம்மா வந்து அவளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். அதட்டவில்லை. "அந்த மாத்தம் இருக்கற எத்தனையோ பேர் நல்லா இருக்காங்க. இத மட்டும் வச்சு உங்களுக்கு வரும், வராதுன்னு சொல்ல முடியாது. ஆனா தண்ணி காரணமே இல்ல. விரல இன்னிக்கே வாத டாக்டர்கிட்ட காட்டுங்க. சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சா கை தப்பும்."

"அப்ப நான் ஒண்ணும் பண்ணலையா?" யூலாலியா இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் இல்லை என்றார். அவள் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். பார்த்த எனக்கே மனசு குளிர்ந்தது.

"என்னத் திட்ட மாட்டியாடி?" என்றாள் தோமாசா.

"திட்டாம விடுவேனா? ஏழு வருஷப் பாக்கி இருக்கே! மொதல்ல கை நல்லாகட்டும் அக்கா."

சொல்லிவிட்டு, வாத டாக்டரிடம் சீட்டுப் போட அக்காவுக்கு முன்னால் அவளே வரிசையில் போய் நின்றாள்.