திட்டு வாங்கப் புறப்பட்ட குட்டியானை

காலை ஏழு மணிக்குத் தருமபுரி காய்கறி மண்டியிலிருந்து கிளம்பினோம். வண்டி மாதேஷ் அண்ணனின் குட்டியானை, எல்லோரும் அப்படிச் சொல்லும் சின்னச் சரக்கு லாரி. ஓட்டுபவர் மண்டியில் மூட்டையும் தூக்கும் அவர், நடுவில் நான், ஜன்னலோரம் மும்தாஜ் அக்கா. பின்னால் ஒரு கட்டுத் துண்டறிக்கை. அதை எழுதியவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். என் வாக்கியங்களை அச்சில் பார்த்த சந்தோஷம் அன்று வண்டிக்குள் அடங்கவில்லை.

மும்தாஜ் அக்கா மண்டித் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். மூட்டை தூக்கும் ஆண்களும் காய் தரம் பிரிக்கும் பெண்களும் அதன் உறுப்பினர்கள். என் அம்மாவும் காய் பிரிப்பவர்தான். அங்கே பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை கிடையாது. மனு கொடுத்துச் சலித்துப்போய், மறுநாள் மண்டி வாசலில் உட்கார்ந்து ஒரு நாள் வேலைநிறுத்தம் என்று முடிவு செய்திருந்தார்கள். ஆனால் பறித்த காய் காத்திருக்காது. விவசாயி கொண்டுவந்த காய் மண்டி வாசலில் வாடிக் கிடந்தால் அவர் கோபமெல்லாம் எங்கள் மேல்தான் திரும்பும். மண்டி முதலாளிகள் அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். எனவே, நாளைய சந்தைக்குக் காய் பறிக்க வேண்டாம் என்று ஊர் ஊராகச் சொல்லக் கிளம்பினோம். பாப்பாரப்பட்டிப் பக்கம் முந்தின நாளே முடிந்திருந்தது.

முதலில் நல்லம்பள்ளி, தருமபுரிக்குத் தெற்கே சுமார் பத்து கிலோமீட்டர். சாலையோரக் கடையில் டீ பன்னிரண்டு ரூபாய், இஞ்சி தாராளம். அங்கிருந்து மண்பாதையில் ஒரு தக்காளித் தோட்டத்துக்குப் போனோம். பத்துப் பதினைந்து பேர் கூடியதும் நான் துண்டறிக்கையை நீட்டினேன். அக்கா அதைக் கவனிக்கவே இல்லை. வரப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"மொதல்ல எங்களைத் திட்டுங்க. மண்டி ஆளுங்க மேல என்ன கோவம் இருக்குதோ கொட்டிருங்க. அப்பறம் நான் பேசறேன்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தலைப்பாகை கட்டிய ஒருவர் ஆரம்பித்தார். "உங்க ஆளுங்க தக்காளிப் பெட்டிய எறக்கறாங்களா, எறியறாங்களா? அதச் சொல்லுங்க மொதல்ல." அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. பெட்டி உடைந்த கதை, கேலி பேசிய கதை, தண்ணீர் கேட்டால் முறைத்த கதை. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பதில் சொல்லும்படி மாதேஷ் அண்ணனைப் பார்த்தார். அவர் கழுத்துத் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். எறிவது தப்புதான், இனிமேல் எறிந்தால் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார்.

அதன்பிறகுதான் அக்கா கழிப்பறையைப் பற்றிப் பேசினார். நாலே வாக்கியம். தோட்டத்துப் பெண்கள் உடனே, இன்றைக்குப் பறிக்கவில்லை, காய் செடியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

"அக்காகூட வந்தா டீசலும் போவுது, மானமும் போவுது" என்றார் மாதேஷ் அண்ணன், வண்டியைக் கிளப்பிக்கொண்டே.

எதற்காகத் திட்டச் சொல்கிறார் என்று அக்காவிடம் கேட்டேன். "தலையில மூட்டையோட நிக்கறவங்ககிட்ட இன்னொண்ணக் குடுத்தா வாங்குவாங்களா? இருக்கறத எறக்கி வெக்கட்டும்" என்றார்.

மதியத்துக்கு முன்பே வத்தல்மலை ஏறத் தொடங்கினோம். தருமபுரியிலிருந்து ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். கடைசிப் பகுதி முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். நான் அதுவரை வந்ததில்லை. ஒவ்வொரு வளைவிலும் கீழே வயல்கள் சிறுத்துக்கொண்டே போயின. காற்று குளிர்ந்தது. மேலே காப்பிச் செடிகள், மரங்களைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடிகள். இது நம் மாவட்டம்தானா என்று மாதேஷ் அண்ணனிடம் கேட்டுக் கேலிக்கு ஆளானேன்.

கடைசி ஊரில் அந்த மகிழ்ச்சி நின்றுபோனது. ஒரு வீட்டு வாசலில் பன்னிரண்டு மூட்டை அவரைக்காய். அதில் ஒன்றின் மேல் ஐம்பது வயதுப் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் காளியம்மா. மலைக் காய் ஏற்றிவரும் வேன்காரரிடம் நாங்கள் சொல்லியனுப்பிய செய்தி கீழ் ஊரோடு நின்றுவிட்டது. இங்கே விடிகாலையிலேயே பறித்து முடித்திருந்தார்கள்.

அக்கா வழக்கம்போலத் திட்டச் சொன்னார்.

"திட்டி என்ன ஆவப்போவுது? நாலு வூட்டு அவரை இது. நாளைக்கு வாடிப்போனா நீ வந்து சோறு போடுவியா?"

அக்கா மூட்டைகளை எண்ணினார். பிறகு, தன் ஆட்களைக் கேட்காமல் எதுவும் சொல்ல முடியாது என்று காளியம்மாவிடம் சொல்லிவிட்டு, சிக்னல் கிடைக்கும் வளைவுக்கு நடந்தார். நானும் ஓடினேன்.

மண்டியில் மூட்டை தூக்குபவர்களில் மூத்தவரான முனியப்பன் அண்ணன் போனை எடுத்தார். சாப்பாட்டு நேரம், எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள். மூட்டைகளை நாமே கீழே கொண்டுவந்து, இன்று மாலை சேலம் சந்தைக்குப் போகும் லாரியில் கூலி இல்லாமல் ஏற்றிவிடலாமா என்று அக்கா கேட்டார். ஸ்பீக்கரில் முனகல்கள். "நாளைக்கு வேலை செய்யமாட்டோம்னு சொல்லிட்டு இன்னைக்குச் சும்மா செய்யறதா? நல்லாருக்குதுக்கா சங்கம்" என்றது ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. ஆனால் யாரும் சரி என்று சொல்லவில்லை.

அப்போது கேட்ட குரல் என் அம்மாவுடையது. "அண்ணா, இந்த ஸ்ட்ரைக்கே எங்களுக்காகத்தானுங்க. சாக்கு வாயி நாங்க தெச்சுத் தர்றோம். நீங்க தூக்கி மட்டும் வெய்யுங்க."

கூட்டத்தில் ஒரு சொல் பேசி அம்மாவை நான் பார்த்ததில்லை. மலை வளைவில் நின்று அதைக் கேட்டேன்.

"சரி, கொண்டாங்க" என்றார் முனியப்பன் அண்ணன்.

எங்களை நம்பி மூட்டையை மட்டும் அனுப்பக் காளியம்மா தயாராக இல்லை. தானும் ஏறிக்கொண்டார். அவருக்குத் துணையாக நானும் பின்னால் மூட்டைகள் மேல் உட்கார்ந்தேன். துண்டறிக்கையைப் படித்துக் காட்டினேன். நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னார். இரண்டாவது பத்தியில் தூங்கிவிட்டார்.

பொழுது சாய்வதற்குள் மண்டி சேர்ந்தோம். பெண்கள் சாக்கு ஊசியோடு நின்றிருந்தார்கள். மாதேஷ் அண்ணன் ஒவ்வொரு மூட்டையையும் தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல லாரியில் வைத்தார். மற்றவர்கள் கேலி செய்தும் அவர் மாறவில்லை.

லாரி கிளம்பியதும் காளியம்மா என் அம்மாவின் காதருகே ஏதோ கேட்டார். அம்மா அவரை மண்டிக்குப் பின்னால், லாரிகளுக்கும் சுவருக்கும் நடுவே கூட்டிப்போனார். மறைப்புக்குப் பிடிக்கும் பழைய சேலையின் ஒரு முனையை அம்மா பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். அந்தப் பக்கம் கிளீனர்கள் பேசிச் சிரிப்பது கேட்டுக்கொண்டிருந்தது.

காளியம்மா திரும்பி வந்து நேராக மும்தாஜ் அக்காவிடம் போனார். "எங்க மலையில மறைவுக்குக் காடாச்சும் இருக்குது. இத்தாம் பெரிய ஊர்ல உங்களுக்கு அதுகூட இல்லியா?"

இன்று தன் வீட்டில் படுத்துக்கொள்ளலாம், காலையில் மலைக்கு பஸ் இருக்கிறது என்று அக்கா சொல்ல ஆரம்பித்தார்.

"பஸ்சு கெடக்குது. நாளைக்கு எங்க உக்காருவீங்க, அந்த எடத்தக் காட்டு."

அக்கா மண்டி வாசலைக் காட்டினார். காளியம்மா போய், சேலையைச் செருகிக்கொண்டு, நட்ட நடுவில் அப்போதே உட்கார்ந்து பார்த்தார்.