சிவப்புப் பூ வந்த பிறகு

போன மாதம் நண்பர் பழனிசாமியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ராயபுரத்தில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். குடல்வால் வீங்கிவிட்டது. எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம்... உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர்.

மனைவி சரஸ்வதி கையெழுத்துப் போடவில்லை.

"தம்பி சேவூர்ல குலசாமிகிட்டப் பூக் கேக்கப் போயிருக்கானுங்க. போன் வந்துரட்டுமுங்க."

பூக் கேட்பது இந்தப் பக்கத்து வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு, பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம். கல்யாணம், போர்வெல், புது மெஷின் – எல்லாவற்றுக்கும் கேட்கிறவர்கள், வயிற்றைக் கிழிக்க மட்டும் கேட்காமல் இருப்பார்களா?

போன் வந்தது. சிவப்பு!

டாக்டர் சத்தம் போடப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ நிதானமாக, "சாமிகிட்ட என்னன்னும்மா கேட்டாரு உங்க தம்பி?" என்றார்.

சரஸ்வதி செல்போனில் விசாரித்தார். "'இந்த டாக்டர் கையில ஆபரேசன் பண்ணிக்கலாமா'ன்னு கேட்டானாமுங்க."

"அப்ப ஆபரேஷனை வேண்டாம்னு சொல்லலியே... என்னைத்தானே வேண்டாம்னிருக்கு?"

சொல்லிவிட்டு, அடுத்த தெரு சர்ஜனுக்கு போன் போட்டார். "சார், நீங்க வந்து பண்ணுங்க. நான் கூட நிக்கிறேன்."

சரஸ்வதிக்கு அப்போதும் மனசு ஆறவில்லை. "ஏனுங்க, வர்றவருக்கும் ஒருக்காப் பூக் கேட்டறலாமுங்களா?"

ஸ்ட்ரெச்சரில் சுருண்டு கிடந்த பழனிசாமி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "நீ மெல்லக் கேட்டுட்டு இரு சரசு... நான் நேர்லயே போய்க் கேட்டுக்கறேன்!"

கையெழுத்து விழுந்தது.

நம்பிக்கையோடு மல்லுக்கு நிற்கிற டாக்டர்களை நான் பார்த்திருக்கிறேன். பேச்சில் அவர்கள்தான் ஜெயிப்பார்கள். ஆனால், ஜெயித்துவிட்டுத் திரும்பினால் கட்டில் காலியாக இருக்கும் – நோயாளியை வீட்டார் வேனில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். இவர் சாமியோடும் சண்டை போடவில்லை, சரஸ்வதியோடும் போடவில்லை. சொந்த ஆஸ்பத்திரியிலேயே ஒதுங்கி நின்று, கத்தியை இன்னொருவர் கையில் கொடுத்தார். எத்தனை பேரால் முடியும்?

பழனிசாமி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்ட அன்று டாக்டரைப் பார்த்தேன். "உங்களுக்கு வருத்தமே இல்லீங்களா சார்?"

"வருத்தமெல்லாம் இல்லீங்க. சாமிகிட்ட என்னைப் பத்தி யாரு போட்டுக் கொடுத்தாங்கன்னுதான் தெரியல!"