வர்ஜில் கட்டிய தண்ணீர் ஸ்கூட்டர்

வர்ஜில் ஸ்ட்ரிக்லின் பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்க்கிறவன். ஃப்ளோரிடாவில் சுவானி ஆற்றங்கரை ஊற்றுகளில் முங்கி முங்கியே வளர்ந்தவன். பஸ்ஸைத் தூக்கி நிறுத்தியிருந்த ஜாக்கி நழுவி முழங்கால் நசுங்கியதிலிருந்து, தண்ணீருக்குள் காலை உதைத்து நீந்த முடியவில்லை. ஊற்றுக்கடியில் இருக்கும் குகையைப் பார்த்துச் சில வருஷமாயிற்று. அதுவே அவனை அரித்துக்கொண்டிருந்தது.

சும்மா உட்காருகிற ஆளா அவன்? தண்ணீருக்குள் தன்னை இழுத்துப் போக ஒரு ஸ்கூட்டர் கட்டத் தடித்த பிளாஸ்டிக் குழாயை அறுத்தான். மீன்பிடிப் படகின் சின்ன மின்மோட்டாரைப் பின்னால் பூட்டினான். உள்ளே பேட்டரி, மூடிக்கு ரப்பர் வளையம், கைப்பிடியில் சைக்கிள் பிரேக்; அதை அழுத்தினால் மோட்டார் ஓடும். மிதக்கவும் கூடாது, மூழ்கவும் கூடாது. மாட்டுத் தொட்டியில் போட்டு ஈயத் துண்டுகளைக் கூட்டிக் குறைத்து அதையும் சரிக்கட்டிவிட்டான்.

ஊற்றங்கரையில் கடை வைத்திருக்கும் ஹாய்ட் சிரித்தான். “என்னப்பா, யார் வீட்டுச் சாக்கடைக் குழாயைப் புடுங்கிட்டு வந்தே?”

“உன் வீட்டுதுதான். போய்ப் பாரு, இந்நேரம் நாறும்.”

வர்ஜிலின் மனைவி ஓப்பல் காற்றுச் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டே சொன்னாள்: “இது நடுவுல நின்னுபோச்சுன்னா உன்னைத் தள்ளிக்கிட்டு வர்றது நானில்ல, ஆமா.”

ஸ்கூட்டர் பூனை மாதிரி உறுமிக்கொண்டு அவனை இழுத்துப் போயிற்று. ஓப்பல் பின்னால் உதைத்து நீந்தி வந்தாள். இதோ, குகை வாய்! அந்த நேரம் பார்த்து ஓப்பலின் டார்ச் வெளிச்சம் அவன் முன்னால் ஆடியது. திரும்பினான். அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

குகைக்குள் முங்குகிறவர்களிடம் அதற்கு ஒரே அர்த்தம்: போதும், மேலே போவோம். யார் தூக்கினாலும் ஏன் என்று கேட்கக் கூடாது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. வர்ஜில் குகையை ஒரு தடவை பார்த்தான். தானும் கட்டைவிரலைத் தூக்கினான். திரும்பிவிட்டான். அதுதான் மனுஷன்.

வண்டியில் வரும்போது அவித்த நிலக்கடலையை உரித்து உரித்துத் தின்றுகொண்டே வந்தான். ஓப்பலுக்குத்தான் தாங்கவில்லை.

“கேக்க மாட்டியா?”

“கேக்கக் கூடாதே.”

“நானே சொல்றேன். மூடியிலேர்ந்து நூல் மாதிரி குமிழி வந்துச்சு. காத்து வெளிய வந்தா தண்ணி உள்ள போகும்ல?”

வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தான். உள்ளே தண்ணீர் கசிந்திருந்தது. ரப்பர் வளையத்துக் கிரீஸில் ஒட்டியிருந்தது ஒரே ஒரு நாய் மயிர். அந்த இடுக்கு போதும், தண்ணீர் நுழைய.

“இந்த நாயை...”

“அதை ஏன் திட்டுறே? அது படுக்குற சோபாவுல உக்காந்து மூடியைப் பூட்டுனது யாரு?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வளையத்தைத் துடைத்துப் புதுக் கிரீஸ் தடவி, குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பூட்டினான்.

மறுபடி குகை வாய்க்கு வந்ததும் தானாகவே நின்றான். ஓப்பலின் கையைத்தான் பார்த்தான். அவள் மூடியைச் சுற்றிச் சுற்றி வெளிச்சம் அடித்தாள். அவசரமே படவில்லை. ஒரு குமிழி இல்லை. அப்புறம் விரலை வட்டமாக வளைத்துச் சரி என்று காட்டினாள். காட்டிவிட்டு அவன் இடுப்புப் பட்டையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

வர்ஜில் பிரேக்கை அழுத்தினான். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். ஓப்பல் ஒரு உதைகூட உதைக்கவில்லை.