பாதிப் பிள்ளை

தம்பிக்கு ஆறு மாதம். போன மாதம் எஸ்டேட் கிளினிக்கில் பதினான்கு ராத்தல் இருந்தவன் இந்த மாதம் ஆறரை. நர்ஸ் மிஸ்ஸி அதை அட்டையில் எழுதிவிட்டு அடுத்த பிள்ளையைத் தூக்கிவிட்டார். புதுத் தராசு, வெள்ளை வெளேரென்று, ஊருக்குப் புதிதாய் வந்த துரைபோல் யாரையும் பார்க்காமல் நின்றது. மருந்து வாசனை அடிக்கும் இடத்தில் கேள்வி கேட்கும் பழக்கம் எங்கள் லயத்து வீடுகளில் யாருக்கும் இல்லை.

மலைப்பாதை ஏறும்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"பாதிப் புள்ள எங்கடி போச்சு?"

"அது கிலோம்மா. இனிமே எல்லாம் கிலோதான்லா. ஸ்கூல்ல சொன்னாங்க."

"சீனி கிலோவாவும். புள்ள எப்படிடி ஆவும்?"

ஒரு கிலோ என்றால் இரண்டு ராத்தலும் கொஞ்சமும் என்றேன். அந்தக் கொஞ்சம் அவளை இன்னும் கலக்கியது. கொஞ்சம் என்றால் எவ்வளவு? எனக்கும் தெரியவில்லை.

வீட்டுக்குப் போகாமல் தேயிலைச் சரிவில் விறுவிறுவென்று ஏறினாள். மேலே, மூடுபனிக்குள், கொழுந்து நிறுக்கும் தூக்குத் தராசு. அது இன்னும் ராத்தலில்தான் பேசியது. பொய்த் தராசு என்று தினமும் அம்மா கங்காணியோடு மல்லுக்கு நிற்பது இதே தராசுக்காகத்தான். அன்று அதனிடமே நியாயம் கேட்டு வந்து, தம்பியைக் கூடையில் உட்காரவைத்துக் கொக்கியில் மாட்டச் சொன்னாள்.

கங்காணி முள்ளைப் பார்த்தார். "பதினேழரை. கூடைக்கு மூணு தள்ளுனா பதினாலரை."

அந்த நேரம் பார்த்துத் தம்பி மூத்திரம் பெய்தான்.

"அட, ஈரக் கொழுந்து! ஈரத்துக்கும் ஒரு ராத்தல் கழிக்கணுமே, தங்கச்சி!"

நிரையில் நின்ற பெண்கள் கூடைகளோடு குலுங்கினார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"கழிச்சீங்க, உங்களத் தூக்கி அதுல மாட்டிருவேன். இன்னொரு தடவ நிறுங்கண்ணே."

நிறுத்தார். பதினாலரை.

"இன்னும் ஒரே ஒரு தடவ."

"முள்ளு என்ன ஓடியா போவும்?" என்றபடி மறுபடியும் நிறுத்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. என் கணக்கு சரி என்று ஒப்புக்கொள்ள அம்மாவுக்கு மனம் வரவில்லை என்று நினைத்தேன். அந்தக் கோபத்தில் அவளை விட்டுவிட்டு முன்னால் இறங்கி நடந்தேன்.

எனக்கு முன்னால் ஒருத்தி பிறந்திருந்தாள். அம்மா இறந்த பிறகுதான் அவளுடைய கிளினிக் அட்டை என் கைக்கு வந்தது. பதினொன்று. பத்து. எட்டரை. அதற்குக் கீழே எல்லாக் கட்டங்களும் காலியாக இருந்தன.